பெரியம்மா கூப்பிட்டால் மட்டும்

எனக்கு என் ஓரகத்தியைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் பூசி மெழுகினேன் என்று யாரும் சொல்லக்கூடாது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஆசை ஆசையாகத் தைத்துக் கொடுத்த தலையணை உறையை அவள் தரை துடைக்கப் போட்டாள். நானே அதன் மேல் கால் வைத்து நடந்திருக்கிறேன். அன்றிலிருந்து எங்களுக்குள் முகத்துக்கு நேரே சிரிப்பு, முதுகுக்குப் பின்னால் பல் கடிப்பு.

அவள் மழலையர் பள்ளி டீச்சர். அவள் பேச ஆரம்பித்தால் பெரிய மனிதர்களே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற பட்டறையில் சட்டைக்குக் காஜா அடிக்கிறவள். என் படிப்பும் அவள் படிப்பும் ஒன்றல்ல என்பதை அவள் எனக்கு நினைவுபடுத்தாத நாள் கிடையாது. அவள் கணவர் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். அவருடைய தம்பிதான் என் வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலேயும் கீழேயும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பெண்டாட்டி சண்டை என்றால் மட்டும் எந்த மாடியிலும் நிற்க மாட்டார்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் சின்ன வயதில் யாரும் எங்கேயும் கூட்டிப் போகாத பிள்ளைகளாம். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் ஒன்றாக வெளியே போக வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். காய்ச்சலோ தலைவலியோ, முந்தின நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து போயிருந்தாலும் சரி, காலையில் மெத்தை ஏற்றுகிற வேன் வந்து வாசலில் நிற்கும். பின்னால் பஞ்சு வாடையில் நாங்கள் உட்கார்ந்து போவோம்.

இதற்கு என் ஓரகத்தி ஒரு சட்டமும் போட்டாள். போகிற இடத்து வாசலில் பிள்ளைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். அவள் மகன் என் பொறுப்பு, என் மகள் அவள் பொறுப்பு. திரும்பி வந்து அதே வாசலைத் தாண்டுகிற வரைக்கும் அப்படித்தான்.

"தன் பிள்ளைன்னா கண்ணை மறைச்சிடும். அடுத்தவ பிள்ளைன்னா பயம் இருக்கும். பயம் இருந்தாத்தான் கவனம் இருக்கும்" என்பாள். அதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மாற்றிக்கொள்வதற்கு ஒரு முறை உண்டு. தொப்பி, தண்ணி பாட்டில், பிள்ளை. மூன்றையும் சேர்த்துக் கொடுக்கிறவள் "முழுசா குடுக்கறேன்" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவள் பிள்ளையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்று சொல்ல வேண்டும். முதலில் விளையாட்டாக ஆரம்பித்தது. பிறகு பிள்ளைகள் அதை விடவே இல்லை. அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாவிட்டால் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு சட்டம். யார் பொறுப்பில் இருக்கிறார்களோ அவர் கூப்பிட்டால் மட்டும்தான் போக வேண்டும். பெற்ற தாயே கூப்பிட்டாலும் போகக்கூடாது. ஒரு தடவை நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் நின்று கூப்பிட்டதில், அவள் மகன் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நடுவே வந்த சைக்கிளில் மோதித் தாடையில் தையல் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. அந்தத் தையலுக்கும் காரணம் நான்தான் என்று அவள் சொல்லிக்கொண்டு திரிந்தது தனிக் கதை.

அவள் மகனை நாங்கள் புல்டோசர் என்று கூப்பிடுவோம். போகிற வழியில் இருப்பதையெல்லாம் தள்ளிவிட்டுத்தான் போவான். என் மகளுக்குக் கடுகு என்று பேர். ஐந்து வயதாகியும் மூன்று வயதுச் சட்டைதான் போடுகிறாள். அளந்து பேசுவாள். சொன்னதைச் சொன்னபடி செய்வாள்.

அது தானாக வரவில்லை, நான் பழக்கினேன். என் பெண் விஷயத்தில் அந்த டீச்சர் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. வீட்டில் கடுகைக் கூடத்தில் நிற்க வைத்து, "இப்ப நீ பெரியம்மாகிட்ட இருக்க, சரியா?" என்று சொல்லிவிட்டு அடுப்படியிலிருந்து கூப்பிடுவேன். வந்துவிட்டால் முட்டி போட வைப்பேன். சில நாளில் புரிந்துகொண்டாள். மிட்டாயைக் காட்டிக் கூப்பிட்டேன், வரவில்லை. கடைசியாக, கையைச் சுட்டுக்கொண்ட மாதிரி அழுது நடித்துப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாளே தவிர, நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் மகன் மிட்டாய் என்ற சத்தத்துக்கே ஓடிவிடுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனோம். வாசலில் வழக்கம்போல மாற்றிக்கொண்டோம். அவள் கடுகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "சரியா இருக்கு. இன்னும் கொஞ்சம் சாப்பிட வெச்சா நல்லா இருக்கும்" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு புல்டோசரின் கையைப் பிடித்தேன்.

அவன் என்னைச் சறுக்குமரத்துக்கும் ஊஞ்சலுக்கும் மாறி மாறி இழுத்தடித்து, என் செருப்பு வாரை அறுத்துவிட்டுத்தான் ஓய்ந்தான். நான் ஒற்றைச் செருப்போடு மரத்தடிக்கு வந்தபோது என் ஓரகத்தி பாயை விரித்து, ரொட்டியையும் அவித்த முட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் இரண்டு பேரும் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கடுகைக் காணோம்.

"கடுகு எங்கக்கா?"

"அந்தப் படகு கிட்ட உக்கார வெச்சிருக்கேன். கூழாங்கல் பொறுக்கிட்டு இருந்தா. நான் கூப்பிட்டா வருவா. என் கண்ணு அங்கதான் இருக்கு."

கரையோரமாகப் பழுது பார்க்கக் கவிழ்த்துப் போட்டிருந்த படகுகள் தெரிந்தன. அவள் கண் முட்டை ஓட்டில்தான் இருந்தது. அதை அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குள் அவள் வேறொன்றை ஆரம்பித்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காத. கடுகை இந்த வருஷம் ஒண்ணாம் வகுப்புல சேக்காத. ஒரு வருஷம் போகட்டும்."

"ஏன்?"

"உக்காருன்னா உக்காருது, எழுந்திருன்னா எழுந்திருக்குது. தானா ஒண்ணும் தோண மாட்டேங்குது. நான் எத்தனை பிள்ளைங்களைப் பாத்திருக்கேன். கொஞ்சம் மந்தமா இருக்கா."

மந்தம். என் பிள்ளையை. உப்புத் தொட்டுக்கொண்டு முட்டை தின்றபடி.

என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "சொன்ன பேச்சு கேக்கறது மந்தமா? அப்போ பக்கத்து வீட்டுப் பையன் காதைக் கடிச்சு வெச்சது புத்திசாலித்தனமா?" என்றேன்.

"என் புள்ளையை எதுக்கு இழுக்கற?"

"என் செருப்பைப் பாருங்க. உங்க புத்திசாலி பண்ண வேலை."

"செருப்புக்குக் கணக்கு பாக்கறவகிட்டப் போயி நல்லது சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"நல்லது சொல்ற மூஞ்சியா இது? என் பொண்ணைக் குறை சொல்லாட்டி உங்களுக்குச் சோறு எறங்காது."

"விடுங்கம்மா, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா" என்றார் மெத்தைக்கடைக்காரர். என் வீட்டுக்காரர் டீ தம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள். புல்டோசரின் கையை என்னிடமிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். "இன்னையோட முடிஞ்சுது. என் புள்ளையை நான் பாத்துக்கறேன், உன் பொண்ணை நீ பாத்துக்க. இனிமே அவளுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்று சொல்லிவிட்டு, மகனை இழுத்துக்கொண்டு மிதிபடகு ஏறப் போய்விட்டாள். புல்டோசர் வாய் நிறைய ரொட்டியோடு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

நான் உடனே கடுகைத் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. என் வீட்டுக்காரரிடம் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்துவிட்டுத்தான் போனேன். எனக்கு ஒரு வார்த்தையும் பேசாத புருஷன் வாய்த்ததைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருந்தது.

படகுகளுக்குப் பக்கத்தில் கூழாங்கற்கள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கடுகு இல்லை.

"கடுகு!" என்று கூப்பிட்டேன். முதலில் சாதாரணமாக. அப்புறம் கொஞ்சம் கோபமாக. அதற்கப்புறம் என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. படகுகளுக்கு அப்பால் நாணலும், நாணலுக்கு அப்பால் தண்ணீரும் இருந்தன. தண்ணீர் ஒன்றுமே தெரியாதது போல இருந்தது.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த தம்ளரைப் போட்டுவிட்டு வாசல் பக்கம் ஓடினார். அவர் அண்ணன் பேண்ட்டை மடித்துவிடக்கூட நிற்காமல் நாணலுக்குள் இறங்கிக் கையால் துழாவினார். அந்த மனிதர் முழங்கால் அளவு சேற்றில் நின்று துழாவுவதைப் பார்க்க முடியாமல் கவிழ்ந்து கிடந்த ஒரு படகின் மேல் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கூட்டம் கூடியது. பூங்காக் காவலாளி ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு ஓடி வந்தார். சிவப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பி, பேர் கடுகு. கூட்டத்தில் யாரோ அந்தப் பேருக்குச் சிரித்தார்கள். அவர்களை நான் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

மிதிபடகு கரைக்கு வந்தது. என் ஓரகத்தி இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளிறிப்போனது. அது ஒரு நொடிதான். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் டீச்சர் முகம் திரும்பி வந்துவிட்டது.

"பொண்ணைப் பாத்துக்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டு இருந்த?"

"எங்க உக்கார வெச்சீங்க? இங்கதானா? இங்கேயேதானா?"

"இங்கதான். நான் கூப்பிடற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். அப்புறம்தான் எல்லார் முன்னாடியும் உன்கிட்ட ஒப்படைச்சிட்டேனே."

"ஒப்படைச்சீங்களா? தொப்பி குடுத்தீங்களா, பாட்டில் குடுத்தீங்களா? மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டுப் போறதுக்குப் பேரு ஒப்படைக்கறதா?"

காவலாளி நடுவே புகுந்தார். வயதானவர், இந்த மாதிரி எத்தனையோ பார்த்திருப்பார். "சண்டையை அப்புறம் வெச்சுக்கங்கம்மா. எங்கேயாவது பயந்து ஒளிஞ்சிருக்கும். நீங்க விடாம கூப்பிட்டுட்டே இருங்க. அம்மா குரல் கேட்டா கொழந்தை தானா வந்துடும்ல?"

"வரும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. வராது. என் குரலைக் கேட்டால் வரவே வராது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே நின்று அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறேன்.

நான் எழுந்து என் ஓரகத்தியின் கையைப் பிடித்தேன். இத்தனை வருஷத்தில் அவளை நான் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அக்கா, நீங்க கூப்பிடுங்க."

"என்ன?"

"நான் கூப்பிட்டா வர மாட்டா. உங்ககிட்ட இருக்கறதா நெனச்சிட்டு இருக்கா. நீங்க கூப்பிட்டாத்தான் வருவா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சட்டம் போட்டவளுக்குப் புரியாமல் போகுமா? புரிந்ததும் அவள் ஒரு படி பின்வாங்கினாள். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள், சேற்றில் நிற்கிற கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"நான் எதுக்குக் கூப்பிடணும்? நான் கூப்பிட்டு அவ வந்துட்டா, என் பொறுப்புல இருந்தப்பதான் தொலைஞ்சான்னு ஆயிடும். காலம் பூரா அதையே சொல்லுவ."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுவ. உன்னைத் தெரியாதா எனக்கு?"

"சரி, சொல்லுவேன். சாகற வரைக்கும் சொல்லுவேன். கால்ல விழணுமா, விழறேன். இப்ப கூப்பிடுங்க!"

நான் கத்திய கத்தலில் புல்டோசர் அழ ஆரம்பித்துவிட்டான். அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். எனக்கு அவளை அப்படியே ஏரியில் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. தள்ளிவிட்டால் கூப்பிட ஆள் இருக்காதே என்றுதான் தள்ளவில்லை.

கடைசியில் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். வகுப்பில் கூப்பிடுகிற குரல்தான், ஆனால் நடுவில் உடைந்தது.

"கடுகு... பெரியம்மா கூப்பிடறேன். வாடா கண்ணு."

நான் அத்தனை நேரம் உட்கார்ந்து அழுத படகுக்கு அடியில் மண் சரசரத்தது. ஒரு பக்கம் செங்கல்லை முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்திருந்த படகு. அந்த இடுக்கில் பூனைதான் புகும் என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. முதலில் தண்ணி பாட்டில் வெளியே வந்தது, அப்புறம் வெள்ளைத் தொப்பி, அப்புறம் கடுகு. முட்டியெல்லாம் மண். வெளியே வந்து நின்று, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என்னைத் தாண்டி நேராகப் பெரியம்மாவிடம் போய் நின்றாள்.

"வெயில் அடிச்சுது. அதான் உள்ள போனேன். அந்த எடத்தை விட்டு வேற எங்கயும் போகல" என்று அவளிடம் சொன்னாள்.

நான் பாய்ந்து போய்க் கடுகின் தோளைப் பிடித்து உலுக்கினேன். சந்தோஷத்தில் கட்டிப்பிடித்தேன் என்று சொன்னால் அது பொய். கோபம்தான் முதலில் வந்தது.

"நான் கூப்பிட்டது உன் காதுல விழலையாடி?"

"விழுந்துச்சு."

"அழுதேனே, அது?"

"அதுவும் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்டி வரல?"

கடுகு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீ வீட்டுல அழுவேல்ல, அது மாதிரி சும்மா அழறன்னு நெனச்சேன். நான் வரலல்ல, பாத்தியா?" என்றாள். அவள் முகத்தில் பாராட்டுக்குக் காத்திருக்கிற சிரிப்பு இருந்தது.

நான் அவள் தோளை விட்டேன். என் ஓரகத்தி என்னையே பார்த்தாள். அவள் வாயில் ஏதோ வந்தது. அதை அவள் சொல்லியிருந்தால் அங்கேயே கொலை விழுந்திருக்கும். சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விழுங்கிய ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

கூட்டம் கலைந்தது. மெத்தைக்கடைக்காரர் சேற்றோடு கரையேறினார். என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்து, கடுகைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்தார்.

"இனிமே முதல் ஞாயித்துக்கெழமையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்றார். அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான வாக்கியம்.

கிளம்புவதற்காகக் கடுகைத் தூக்கினேன். அவள் நெளிந்து இறங்கிக்கொண்டாள். "வாசல் வரைக்கும் பெரியம்மாதானே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என் ஓரகத்தி கையை உதறவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் நின்றாள். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. புல்டோசர் வந்து மூக்கை என் புடவையில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தான். நான் ஒற்றைச் செருப்போடு அவனை நடத்திக்கொண்டு பின்னால் போனேன்.

வாசலில் பிள்ளைகள் இரண்டும் நின்றுவிட்டன. வார்த்தை சொல்ல வேண்டுமே. என் ஓரகத்தி தொப்பியையும் பாட்டிலையும் நீட்டினாள். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "முழுசா குடுக்கறேன்" என்றாள். பாதிக்கு மேல் சத்தம் வரவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த இரண்டு வார்த்தைதான் வராது, மற்ற எல்லாம் வரும். வேன் உறுமிக்கொண்டு நின்றது. கடுகு பெரியம்மாவின் கையை விடாமல் என்னை அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தாள். நான் சொல்லாவிட்டால் அவள் என்னிடம் வர மாட்டாள். விடிய விடிய அங்கேயே நிற்பாள். அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

"சரியா இருக்கு" என்றேன்.

கடுகு பெரியம்மாவின் கையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் புல்டோசரையும் அதே மாதிரி ஒப்படைத்துவிட்டு வேனில் ஏறியதும் என் மடியில் உட்கார்ந்தாள். எதிரே என் ஓரகத்தி மகனை அணைத்துக்கொண்டு தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில், மகளின் தலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டபடி, மெதுவாக, "கடுகு" என்று கூப்பிட்டேன்.

என் மடியில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து, முதலில் எதிரே பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள்.